கேள்வி – பதில்: பாட்டுப் பெட்டிக்கு ஒரு நான்கு வரித் திரை

கோடி (பாட்டும் படமும் இயக்கும் மென்பொருள்) நிறுவிய ராஸ்பெர்ரி பை (சுருக்கமாகப் பை) என்ற சிறு கணினியில் சிறிய எழுத்துத் திரையை இணைப்பது குறித்து வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். பதில்களில் தமிழ் எழுத்தில் குறிக்கப்படும் அமைப்புப் பெயர்கள், உங்கள் கணினியின் அமைப்புக் கோப்பில் ஆங்கில எழுத்தில் இருக்கும். ஒலிப்பைக் கொண்டு எளிதில் கண்டுபிடித்துவிடலாம்.

கேள்வி: தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பாட்டு மட்டும் கேட்பதற்காக, ராஸ்பெர்ரி பை 4-இல் கோடி நிறுவி, இருபது எழுத்து நான்கு வரி கொண்ட நீல நிற எல்சிடி திரையை, அதன் முதுகில் ஐ2சி (இரண்டு கம்பிகளில் தரவு அனுப்பும் முறை) பலகை பொருத்தியதாக வாங்கி இணைத்தேன். நீல வெளிச்சம் வருகிறது. ஆனால் முதல் வரியிலும் மூன்றாம் வரியிலும் வெள்ளைக் கட்டங்கள் மட்டுமே தெரிகின்றன. திரை பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்தக் கட்டங்கள் உண்மையில் நல்ல செய்தி. திரைக்கு மின்சாரம் போகிறது, கான்ட்ராஸ்ட் சரியாக இருக்கிறது, ஆனால் இதுவரை ஒரு கட்டளைகூடத் திரையைச் சென்று சேரவில்லை என்பதே அவற்றின் பொருள். இவ்வகைத் திரைகள் எல்லாமே ஹிட்டாச்சி நிறுவனம் 1980களில் வெளியிட்ட எச்டி44780 என்ற கட்டுப்பாட்டுச் சில்லையோ அதைப் பின்பற்றிப் பிறர் செய்த சில்லையோ கொண்டு இயங்குபவை. மின்சாரம் வந்தவுடன் அந்தச் சில்லு ஒற்றை வரி நிலையில் விழித்துக்கொள்கிறது. நான்கு வரித் திரையில் ஒன்றாம் வரியும் மூன்றாம் வரியும் சில்லின் கணக்கில் ஒரே வரியின் இரு பாதிகள் என்பதால், தொடக்கக் கட்டளை வராதவரை அவ்விரண்டும் மட்டும் கட்டம் கட்டி நிற்கும். கட்டங்களும் இல்லாமல் வெறும் நீலம் மட்டும் தெரிந்திருந்தால், முதலில் பலகையிலுள்ள, கான்ட்ராஸ்ட்டை மாற்றும் நீல நிறப் பிரீசெட் திருகைச் சிறிய திருப்புளியால் திருப்பிப் பார்க்கச் சொல்லியிருப்பேன். மென்பொருளில் நாள்கணக்காகத் தேடப்படும் பல குறைகள் அந்த ஒரு திருகில்தான் இருக்கின்றன.

அடுத்து, பையின் கண்ணுக்குத் திரை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ராஸ்பெர்ரி பை இயங்குதளத்தின் அமைப்பு நிரலில் இன்டர்ஃபேஸ் பகுதிக்குச் சென்று ஐ2சியை இயக்குங்கள். தொடக்கத்தில் அது அணைந்தே இருக்கும். பிறகு ஐ2சி கருவித் தொகுப்பிலுள்ள தேடல் கட்டளையை முதலாம் தடத்தில் ஓட்டினால் ஓர் அட்டவணை வரும். பலகையில் இருக்கும் சில்லு பிசிஎஃப்8574 என்றால் பெரும்பாலும் பதினாறு நிலை எண்ணில் 27 என்றும், அதே பெயரின் இறுதியில் ஏ சேர்ந்த வகை என்றால் 3எஃப் என்றும் அதில் தோன்றும். பதின்ம எண்ணில் இவை முறையே 39, 63. பலகையில் ஏ0, ஏ1, ஏ2 என்று குறித்திருக்கும் இடங்களில் ஈயம் வைத்து இணைத்திருந்தால் முகவரி குறையும். அட்டவணை வெறுமையாக வந்தால் தரவுக் கம்பியும் கடிகாரக் கம்பியும் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். தரவு பையின் மூன்றாவது முனைக்கும் கடிகாரம் ஐந்தாவது முனைக்கும் போக வேண்டும்.

முகவரி கிடைத்த பிறகும் கட்டங்களே நிற்பதுதான் உங்களுடைய நிலை என்று ஊகிக்கிறேன். இங்கே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்: கோடி நேரடியாகத் திரையுடன் பேசுவதில்லை. கோடிக்குள் இருக்கும் எக்ஸ்பிஎம்சி எல்சிடிப்ராக் என்ற ஆட்-ஆன் (கோடியில் சேர்க்கும் துணை நிரல்; எக்ஸ்பிஎம்சி என்ற மென்பொருளின் பெயர் 2014-இல் கோடி என்று மாறிய பிறகும் ஆட்-ஆன் பழைய பெயரிலேயே இருக்கிறது) பாடலின் பெயரையும் நேரத்தையும் எல்சிடிப்ராக் தொகுப்பின் எல்சிடிடி என்ற சேவையகத்துக்கு (திரையை இயக்கும் பின்னணி நிரல்) 13666 என்ற போர்ட் வழியாக அனுப்புகிறது. சேவையகம் தன் டிரைவர் மூலம் அதைப் பலகைக்குத் தருகிறது. பலகை திரைக்குத் தருகிறது. எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று தெரியாமல் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் கை வைத்தால் சரியாக இருந்ததும் கெடும். ஆகவே கோடியை இப்போதைக்கு மறந்துவிட்டு, சேவையகத்தின் அமைப்புக் கோப்பை மட்டும் திறந்துகொள்ளுங்கள்.

அதில் சர்வர் என்ற பகுதியில் டிரைவர் என்பதற்கு எச்டி44780 என்று கொடுக்க வேண்டும். டிரைவர்பாத் என்ற வரி, டிரைவர் கோப்புகள் உங்கள் கணினியில் உண்மையிலேயே இருக்கும் கோப்பகத்தைக் காட்ட வேண்டும். அந்தப் பாதையின் இறுதியில் சாய்கோடு கட்டாயம் என்று கோப்பிலேயே எழுதியிருந்தாலும், அதை விட்டுவிட்டு டிரைவர் ஏறவில்லை என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். பிறகு எச்டி44780 என்ற தனிப் பகுதிக்கு இறங்கி, கனெக்‌ஷன்டைப் என்பதற்கு ஐ2சி, டிவைஸ் என்பதற்கு முதலாம் ஐ2சி தடத்தின் கோப்பு, போர்ட் என்பதற்கு நீங்கள் கண்டுபிடித்த முகவரி, சைஸ் என்பதற்கு 20 பெருக்கல் 4 என்று நிரப்புங்கள். இங்கே போர்ட் என்பது பலகையின் முகவரி. மேலே சொன்ன 13666-உடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும் பெரும்பாலோர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பலகையின் சில்லில் திரையுடன் இணைவதற்கென எட்டுக் கால்கள். அவற்றில் எந்தக் கால் திரையின் எந்த முனைக்குப் போகிறது என்பது பலகையைச் செய்தவரின் விருப்பம். எல்சிடிப்ராக் பழைய மரபுப்படி, தரவு முனைகள் நான்கும் முதல் நான்கு கால்களிலும், ஆர்எஸ், ஆர்டபிள்யூ, ஈஎன் என்ற கட்டுப்பாட்டு முனைகளும் பின்வெளிச்சமும் அடுத்த நான்கிலும் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. கடைகளில் கிடைக்கும் சீனப் பலகைகளிலோ இது அப்படியே தலைகீழ். அதனால் கோப்பில் ஐ2சி லைன் என்று தொடங்கும் வரிகளை நாமே எழுதித் தர வேண்டும்: ஆர்எஸ் 1, ஆர்டபிள்யூ 2, ஈஎன் 4, பிஎல் (பின்வெளிச்சம்) 8, தரவு முனைகளான டி4 முதல் டி7 வரை முறையே 16, 32, 64, 128. இவை பதின்ம எண்கள். பேக்லைட் என்ற வரியையும் இயக்கிவிடுங்கள். இந்த வரிசைதான் தவறு என்பதற்கு ஓர் அடையாளமும் உண்டு. மென்பொருள் டி7 என்று நினைத்து அசைக்கும் கால், இந்தப் பலகையில் பின்வெளிச்சத்தின் கால். ஆகவே சேவையகத்தைத் தொடங்கியதும் கட்டங்கள் அப்படியே இருக்க நீல வெளிச்சம் மட்டும் துடிதுடித்தால், வேறெங்கும் தேட வேண்டாம்.

மாற்றங்களைச் சேமித்துச் சேவையகத்தை மறுபடி தொடங்கினால், திரையில் கிளையன்ட்ஸ், ஸ்கிரீன்ஸ் என்ற இரண்டும் சுழியமாகக் காட்டும் பக்கம் வரும். அது வந்துவிட்டால் திரைப் பக்கத்து வேலை முடிந்தது. கோடிக்குத் திரும்பி ஆட்-ஆனை நிறுவி, சேவையகத்தின் முகவரியாக அதே கணினியைக் கொடுத்தால் போதும்.

கேள்வி: மேற்சொன்ன பக்கம் என் திரையில் பாடல் பெயருடன் மாறி மாறி வந்துகொண்டே இருக்கிறது. நிறுத்த முடியுமா?

பதில்: அமைப்புக் கோப்பின் சர்வர் பகுதியில் சர்வர்ஸ்கிரீன் என்ற வரிக்கு ‘நோ’ என்று கொடுங்கள். வேறு எவரும் எதையும் காட்டாத வேளையில் மட்டுமே அந்தப் பக்கம் வரும். ‘பிளாங்க்’ என்று கொடுத்தால் அப்போதும் வெறுமையாகவே இருக்கும். ஆனால் அப்படிச் செய்தால் கோடியுடனான தொடர்பு அறுந்ததா, திரையே செத்ததா என்று பார்த்தவுடன் தெரியாமல் போகும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: திரைக்கு 5 வோல்ட் வேண்டும், பையின் முனைகளோ 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது என்கிறார்கள். ஆனால் பலர் நேரடியாகவே இணைத்துப் பயன்படுத்துவதாகத் தெரிகிறது. எது சரி?

பதில்: இரண்டும் உண்மை. ஐ2சி தடத்தில் எந்தக் கருவியும் மின்னழுத்தத்தை மேலே தள்ளுவதில்லை. கீழே மட்டுமே இழுக்கும். மேலே தூக்கி வைப்பவை மின்தடைகள். பையில் இவ்விரு முனைகளுக்கும் 1.8 கிலோ ஓம் மின்தடைகள் 3.3 வோல்ட்டை நோக்கி ஏற்கெனவே உள்ளன. பலகையில் வழக்கமாக 4.7 கிலோ ஓம் மின்தடைகள் 5 வோல்ட்டை நோக்கி இருக்கின்றன. இரண்டும் ஒரே கம்பியைப் பிடித்து இழுக்கும்போது, கம்பி ஓய்வில் இருக்கையில் ஏறத்தாழ 3.77 வோல்ட்டில் நிற்கும் என்று கணக்கிடலாம். அது 5 அல்ல என்பதால்தான் பலருடைய பை உடனே கெடவில்லை, அது 3.3-க்கு மேல் என்பதால்தான் அப்படி விடக் கூடாது.

பலகையிலுள்ள அவ்விரு மின்தடைகளையும் கழற்றிவிட்டால் பைக்கு ஆபத்து நீங்கும். ஆனால் மறுமுனையில் வேறொரு குறை தலைகாட்டும். 5 வோல்ட்டில் இயங்கும் பிசிஎஃப்8574, தனக்கு வரும் மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்கு, அதாவது 3.5 வோல்ட் இருந்தால்தான் அதை ‘ஒன்று’ என்று எடுத்துக்கொள்ளும் என்பது அதன் தரவுத்தாள் தரும் உறுதி. 3.3 வோல்ட்டில் பெரும்பாலும் வேலை செய்யும். நீண்ட கம்பி வைத்தாலோ வெயில் காலத்தில் பெட்டி சூடேறினாலோ எப்போதாவது எழுத்து சிதறும். இரு திசையிலும் மின்னழுத்தத்தை மாற்றித் தரும் லெவல் ஷிப்டர் ஒன்றை நடுவில் வைப்பதுதான் இரண்டு பக்கமும் ஒழுங்கான தீர்வு. மிக மலிவான பொருள். அதில் சிக்கனம் பார்த்துப் பையைப் பணயம் வைப்பது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை. தடத்தின் வேகத்தையும் உயர்த்த வேண்டாம். இந்தச் சில்லு 100 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் உத்தரவாதம் தருவதில்லை, பையின் இயல்பு வேகமும் அதுவே.

கேள்வி: என்னிடமுள்ள பாடல்களுக்கெல்லாம் பாடல் பெயர், இசையமைப்பாளர் பெயர் முதலியவற்றைத் தமிழிலேயே பதிந்து வைத்திருக்கிறேன். தொலைக்காட்சியில் அழகாகத் தெரிகின்றன. சிறு திரையில் கேள்விக்குறிகளாக வருகின்றன. நானே எழுதிய சிறு நிரல் ஒன்றின் மூலம் நேரடியாக அனுப்பினாலோ, கிரேக்க ஆல்ஃபா எழுத்தும் ஜப்பானிய எழுத்துகளும் வருகின்றன. தமிழைக் காட்ட வழி உண்டா?

பதில்: இந்தத் திரையில் இல்லை. ஏன் இல்லை என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஏதோ ஓர் அமைப்பை மாற்றினால் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் பலர் வார இறுதிகளைச் செலவிடுகிறார்கள்.

திரையின் சில்லுக்குள் எழுத்துருவங்கள் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டுவிடுகின்றன. கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் ஏ00 வகையில் ஆங்கில எழுத்துகளுடன் ஜப்பானியக் கதகானா எழுத்துகளும் சில கிரேக்கக் குறிகளும் உள்ளன. ஏ02 வகையில் ஐரோப்பிய எழுத்துகள் உள்ளன. தமிழ் எதிலும் இல்லை. ஒருங்குறியின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளாகப் பயணிக்கிறது. முதல் பைட் எப்போதும் பதினாறு நிலை எண்ணில் ஈ0. ஏ00 வகைத் திரையில் அந்த இடத்தில் இருப்பது ஆல்ஃபா. இரண்டாவது பைட் ஏஈ அல்லது ஏஎஃப். அங்கே இருப்பவை சிறிய கதகானா எழுத்துகள். ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்றே அறிந்த திரை, ஒரு தமிழ் எழுத்தை மூன்றாகப் பிளந்து காட்டுகிறது. உங்கள் நிரல் அனுப்பியது சரியான தமிழ்தான் என்பதற்கு அந்த ஆல்ஃபா வரிசையே சான்று. வழியில் எழுத்துமுறையை மாற்றும் மென்பொருள் ஒன்று இருந்தால், அது தனக்குத் தெரியாததைக் கேள்விக்குறியாக்கிவிடுகிறது.

நாமே வரைந்துகொள்ளும் எழுத்துகளுக்கு அந்தச் சில்லில் எட்டே எட்டு இடங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் குறுக்கே ஐந்து புள்ளி, நெடுக்கே எட்டுப் புள்ளி. ‘இளையராஜா’ என்ற ஒரே பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். இ, ள, ஐகாரக் குறி, ய, ர, கால், ஜ என்று ஏழு உருவங்கள் அதற்கே செலவாகிவிடுகின்றன. மீதமுள்ள ஓர் இடத்தை வைத்துக்கொண்டு பாடலின் பெயரை எழுத முடியாது. ஐந்து புள்ளி அகலத்தில் ஐகாரக் குறியையோ ணகரத்தையோ வரைந்து பார்த்தவர்களுக்கு, இடம் இன்னும் எண்பது இருந்தாலும் பயனில்லை என்பது புரியும்.

ஆகவே இரண்டு வழிகள். முதல் வழி, இதே திரையை வைத்துக்கொண்டு ஆங்கில எழுத்தில் காட்டுவது. அதற்காகத் தமிழ்ப் பெயர்களை அழிக்க வேண்டியதில்லை. பாடல் கோப்பில் கமென்ட் என்ற புலம் பொதுவாகக் காலியாகவே கிடக்கிறது. அதில் ஆங்கில எழுத்தில் பெயரை நிரப்பிவிட்டு, திரையின் வரிகளை வரையறுக்கும் எல்சிடி.எக்ஸ்எம்எல் கோப்பில் மியூசிக் பகுதியில் தலைப்புக்குப் பதிலாக மியூசிக்பிளேயர்.கமென்ட் என்ற தகவலைக் கேளுங்கள். தொலைக்காட்சியில் தமிழும் சிறு திரையில் ஆங்கில எழுத்தும் என்று இரண்டும் நிலைக்கும். அந்தக் கோப்பின் படியொன்றைக் கோடியின் யூசர்டேட்டா கோப்புறையில் வைத்துத் திருத்துங்கள். ஆட்-ஆனின் கோப்புறைக்குள்ளேயே திருத்தினால் அடுத்த புதுப்பிப்பில் உங்கள் உழைப்பு போய்விடும்.

இரண்டாவது வழி, எழுத்துத் திரையைக் கைவிட்டுப் புள்ளித் திரைக்கு மாறுவது. எஸ்எஸ்டி1306 சில்லு கொண்ட, 128-க்கு 64 புள்ளிகள் உடைய ஓஎல்இடி மலிவானது, ஆனால் ஓர் அங்குலத்துக்கும் குறைவான அதை நாற்காலியில் இருந்தபடி படிக்க இயலாது. எஸ்எஸ்டி1322 சில்லு கொண்ட, 256-க்கு 64 புள்ளிகள் உடைய நீளத் திரை இந்த வேலைக்குப் பொருத்தமானது. இதற்கு எல்சிடிப்ராக் தேவையில்லை. பைத்தானில் லூமா ஓஎல்இடி நூலகத்தைக் கொண்டு திரையை இயக்கி, பிற நிரல்கள் கோடியிடம் கேட்பதற்கான ஜேசன்-ஆர்பிசி இடைமுகத்தில் இப்போது ஓடும் பாடலின் விவரத்தைக் கேட்டு, பில்லோ நூலகத்தால் எழுத்தை வரைந்து அனுப்பலாம். அங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ‘ளை’ என்பது கணினியில் முதலில் ளகரமும் பிறகு ஐகாரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. வரையும்போதுதான் குறி முன்னே வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது எழுத்துரு அல்ல, எழுத்தைக் கோக்கும் தனி நூலகம். பில்லோவில் ராக்கம் என்ற நூலகம் சேர்ந்திருந்தால் அது தானாக நடக்கும்; இல்லையென்றால் கொம்புகளும் ஐகாரக் குறிகளும் எழுத்துக்குப் பின்னால் தொங்கும். எழுத்தின் உயரத்தை 16 புள்ளிகளுக்குக் கீழே குறைக்க வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குக் கீழே ணகரமும் னகரமும் ஒன்றாகிவிடும்.

கேள்வி: பாடல் ஓடும்போது பெரிய எண்களில் நேரமும், அடியில் எவ்வளவு ஓடியது என்று காட்டும் பட்டையும் வேண்டும் என்று நான்கு வரிகளையும் அமைத்தேன். எண் சரியாக வந்தால் பட்டை சிதைகிறது. பட்டை சரியானால் எண் சிதைகிறது.

பதில்: முன் பதிலில் சொன்ன எட்டு இடங்கள்தான் இங்கும் காரணம். பெரிய எண்களுக்கு வேண்டிய வளைவுகளும் சதுரங்களும், பட்டைக்கு வேண்டிய ஒரு புள்ளி, இரண்டு புள்ளி அகலத் துண்டுகளும் அதே எட்டு இடங்களில்தான் வரையப்படுகின்றன. ஒரு நேரத்தில் ஒரு தொகுதிக்குத்தான் இடம் உண்டு. பெரிய கடிகாரத்தைப் பாடல் ஓடாத வேளைக்கான பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். பாடல் ஓடும்போது முதல் வரியில் பாடல் பெயர், இரண்டாவதில் கலைஞர், மூன்றாவதில் சாதாரண எழுத்தில் நேரம், நான்காவதில் பட்டை என்று அமைத்தால் எதுவும் மோதாது.

கேள்வி: பையை நிறுத்திய பிறகும் திரை இரவு முழுவதும் எரிகிறது. மென்பொருளாலேயே அணைக்க முடியுமா?

பதில்: முடியும். பை நின்ற பிறகும் அதன் 5 வோல்ட் முனையில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும் என்பதால், கடைசியாகத் திரைக்குப் போன எழுத்தும் வெளிச்சமும் அப்படியே நிற்கின்றன. பலகையின் சில்லுக்குச் சுழியம் என்ற ஒற்றைப் பைட்டை அனுப்பினால் பின்வெளிச்சத்தின் கால் கீழிறங்கி விளக்கு அணைந்துவிடும். ஐ2சி கருவித் தொகுப்பில் இருக்கும் எழுதும் கட்டளையே இதற்குப் போதும். கணினி நிறுத்தப்படும் வேளையில், எல்சிடிடி சேவையகம் நின்ற பிறகு அக்கட்டளை ஓடுமாறு ஒரு சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் நிரல்) சேவையை எழுதிக்கொள்ளுங்கள். வரிசை முக்கியம்: சேவையகம் நிற்கும்போது தன் பங்குக்கு விடைபெறும் செய்தியொன்றைத் திரையில் எழுதிவிட்டுப் போகும் என்பதால், உங்கள் கட்டளை அதற்கு முன்னால் ஓடினால் விளக்கு மறுபடி எரியும்.

பையை நிறுத்தாமல் இரவில் சும்மா விட்டுவைப்பவர்கள், ஆட்-ஆன் அமைப்புகளில் ஸ்கிரீன்சேவர் வரும்போது வெளிச்சத்தைக் குறைக்கும் விருப்பத்தை இயக்கினால் போதும். ஒரு கருத்து மட்டும்: நீலத் திரையில் வெளிச்சம் அணைந்தால் எழுத்தும் மறைந்துவிடும். மஞ்சள் கலந்த பச்சைத் திரையிலோ பின்வெளிச்சம் இல்லாமலேயே பகலில் எழுத்தைப் படிக்கலாம். புதிதாக வாங்குபவர்கள் படுக்கையறைக்கு என்றால் பச்சையையே பார்க்கவும். விலை கூடினாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு வின்ஸ்டார் வகை எழுத்து ஓஎல்இடிகள் உண்டு. அவற்றை வாங்கினால் அமைப்புக் கோப்பின் எச்டி44780 பகுதியில் மாடல் என்ற வரியை வின்ஸ்டார் ஓஎல்இடி என்று மாற்ற மறக்க வேண்டாம். அவற்றைத் தொடங்கி வைக்கும் கட்டளை வரிசை சாதாரண எல்சிடியினுடையது அல்ல.